சொல்லாம விட்டா 12 சதவிகிதம்!

'ஃபங்ஷன்'னு சொன்னா உங்க வீட்டுல என்ன அர்த்தம்? எங்க வீட்டுல காதுகுத்து, சீர், கல்யாணம், புண்ணியார்ச்சனை. அதனாலதான் அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பும் கையுமா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தூங்காம என்றா பண்றே?"ன்னு அம்மா கேட்டப்போ, "ஒரு ஃபங்ஷன்ல பிரச்னைம்மா"ன்னு சொல்லித் தொலைச்சேன். அம்மா பதறிட்டாங்க. "யாரு ஊட்டு ஃபங்ஷன்? மொய் கிய் விட்டுப்போச்சா?"

சிரிக்காதீங்க பாஸ். அம்மா கேட்டது கிட்டத்தட்ட சரியான கேள்வி. இந்தக் கதை ஈரோடு ஜவுளிச் சந்தையில ஒரு கடை, அதுல ஒரு கம்ப்யூட்டர், அதுக்குள்ளே நான் எழுதின பைத்தான் புரோகிராம், அந்தப் புரோகிராம் ஒரு நாள் என் மானத்தை வாங்கினது பத்தினது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவங்களும் பயப்படாம வாங்க. டீ குடிச்சிருந்தாலே போதும், புரிஞ்சுடும்.

ஒரு டீ சொல்லுங்க!

பன்னீர்செல்வம் பார்க் பக்கத்துல ஒரு டீக்கடைக்குப் போறீங்க. "அண்ணா, ஒரு டீ"ங்கறீங்க. மாஸ்டர் உங்களை ஒண்ணுமே கேட்கறதில்லை. அளவான சர்க்கரை, அளவான டிகாக்ஷன், கண்ணாடி கிளாஸ். நீங்க சொல்லாத மூணு விஷயத்தை அவரே முடிவு பண்ணிட்டார். "சர்க்கரை இல்லாம"ன்னு சொல்லியிருந்தா அந்த ஒண்ணை மட்டும் மாத்தியிருப்பார்.

பைத்தான்ல ஃபங்ஷனும் இதேதான். 'டீ போடு'ன்னு ஒரு ஃபங்ஷன். அதுக்கு நாம கொடுக்கற விவரங்கள் பேரு பாராமீட்டர். பிளஸ் டூ தமிழ்வழிப் புத்தகத்துல படிச்சவங்களுக்கு 'அளபுரு'ன்னா சட்டுனு தெரியும். நாம சொல்லாம விட்டா அதுவே எடுத்துக்கற மதிப்புக்குப் பேரு டிஃபால்ட். தமிழில் 'தானமைவு'. எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. தானா அமைஞ்சது. யாரும் கேட்கலை, யாரும் சொல்லலை, தானா அமைஞ்சுடுச்சு.

பிரச்னை என்னன்னா, அது எப்போ அமைஞ்சது, என்னவா அமைஞ்சதுன்னு நாம மறந்துடறோம்.

சித்தப்பா கடையும் என் கெத்தும்

எங்க சித்தப்பாவுக்கு ஈரோட்டுல ரெடிமேட் மொத்த வியாபாரம். சுடிதார் செட், நைட்டி, சட்டை. நம்ம ஊர் ஜவுளிச் சந்தை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திங்கள் ராத்திரி தொடங்கினா செவ்வாய் பூரா நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு எல்லா ஊர் வியாபாரியும் வந்து மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போவாங்க. சந்தை ராத்திரி எங்க சித்தப்பா கடை மூடவே மூடாது.

நான் அப்போ பெருந்துறை பக்கம் ஒரு காலேஜ்ல இன்ஜினீயரிங் படிச்சுட்டு இருந்தேன். செகண்ட் இயர் லீவுல சித்தப்பாகிட்ட, "எதுக்குச் சித்தப்பா காசு குடுத்து பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கறீங்க? நானே எழுதித் தரேனுங்க"ன்னு சொன்னேன். கடையில 30 வருஷமா கணக்கு எழுதற பெரியவர் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா மட்டும், "செய்யி அப்புனு. நம்ம பையன் செஞ்சா நமக்குப் பெருமைதானே"ன்னார்.

செஞ்சேன். ஒரு மாசத்துல பில் பிரின்ட் ஆச்சு. நான் காலேஜ்ல 'டெவலப்பர்' ஆயிட்டேன். அடுத்த ரெண்டு வருஷத்துல அது வளர்ந்து ஆறு ஃபைல், நாற்பது ஃபங்ஷன்னு ஆச்சு. பாதி நான் எழுதினது, மீதி என் கிளாஸ்மேட் ஒருத்தன் எழுதினது. யாரு எதை எழுதினோம்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை!

அதுல ஒரு ஃபங்ஷன்தான் நம்ம வில்லன். பைத்தான் 3 வந்த 2008-லேர்ந்தே பெயர்களை நம்ம எழுத்துல வெச்சுக்கலாம். அதனால இங்கே தமிழிலேயே எழுதிக் காட்டறேன். நீங்க அடிக்கும்போது 'டெஃப்' மாதிரி பைத்தானோட சொந்த வார்த்தைகளை மட்டும் இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

டெஃப் வரி_போடு(விலை, எல்லை=அமைப்பு.எல்லை, மேல்வரி=அமைப்பு.மேல்வரி):

விலை கொடுத்தா வரி கணக்குப் போட்டுத் தரும். 'அமைப்பு'ங்கற தனி ஃபைல்ல எல்லை = 1000, மேல்வரி = 12 என்று இருக்கும். ஏன் அந்த நம்பர்? 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தப்போ, 1,000 ரூபாய் வரைக்கும் உள்ள ரெடிமேட் துணிக்கு 5 சதவிகிதம், அதுக்கு மேலே போனா 12 சதவிகிதம். எட்டு வருஷம் அதே கணக்குதான்.

எவ்வளவு விவரமா எழுதியிருக்கேன் பாருங்க! நம்பரை ஒரே இடத்துல வெச்சிருக்கேன். அதை மாத்தறதுக்கு 'செட்டிங்ஸ்' ஸ்கிரீன் வேற. நாளைக்கே வரி மாறினாலும் சித்தப்பாவே நம்பரை மாத்திக்கலாம்னு மார்தட்டிக்கிட்டேன்.

நாளைக்கே மாறிடுச்சு.

செப்டம்பர் 22, திங்கட்கிழமை

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, 12 சதவிகித அடுக்கையே எடுத்துடலாம்னு முடிவு பண்ணினாங்க. ரெடிமேட் துணிக்கு இனிமே 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவிகிதம், அதுக்கு மேலே 18. அமலுக்கு வர்ற தேதி செப்டம்பர் 22. அன்னிக்கு என்ன கிழமை? திங்கள். என்ன ராத்திரி? சந்தை ராத்திரி! அதுவும் தீபாவளி நோம்பிக்கு முந்தின மாசம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போயிட்டேன். செட்டிங்ஸ்ல எல்லை 2500, மேல்வரி 18. சேவ். புரோகிராமை மூடித் திறந்தேன். ஸ்கிரீன்ல 2500, 18 பளிச்சுனு இருந்துச்சு. சும்மா இல்லாம ஒரு டெஸ்ட் வேற பண்ணினேன். 800 ரூபாய் சட்டை, வரி 40 ரூபாய். 5 சதவிகிதம். கரெக்ட்! "முடிஞ்சுதுங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டு பரோட்டா சாப்பிடப் போயிட்டேன்.

என் டெஸ்ட்டைக் கவனிச்சீங்களா? 800 ரூபாய்க்குப் பழைய கணக்குலயும் 5 சதவிகிதம்தான், புதுக் கணக்குலயும் 5 சதவிகிதம்தான். எது மாறலையோ அதைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கேன். 1,000-க்கும் 2,500-க்கும் நடுவுல ஒரே ஒரு விலையைப் போட்டுப் பார்த்திருந்தா இந்தக் கட்டுரையே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில கிளாஸ்ல இருக்கேன். சித்தப்பா போன். அவர் கிளாஸ் நேரத்துல கூப்பிடவே மாட்டார்.

"அப்புனு, பாலக்காட்டுல இருந்து ஒருத்தரு ராத்திரி 20 செட்டு சுடிதார் எடுத்துட்டுப் போனாரு. செட்டு 1,800. பில்லுல 12 போட்டிருக்குதாமா. அஞ்சுதானேன்னு கேக்கறாரு..."

மனசுக்குள்ளே கணக்கு ஓடுச்சு. 36,000 ரூபாய்க்கு 5 சதவிகிதம்னா 1,800. 12 சதவிகிதம்னா 4,320. ஒரே பில்லுல 2,520 ரூபாய் அதிகம்!

"இல்லீங்க சித்தப்பா, செட்டிங்ஸ்ல மாத்திட்டேனுங்களே..."

"மாத்துனே சரி. பில்லு மாறுலியே."

அதுக்கு மேலே அவர் ஒண்ணும் பேசலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மொத்த வியாபாரத்துல கடையோட பேருதான் முதல். 'வரி குறைஞ்ச மொத நாளே பழைய வரி வாங்கின கடை'ன்னு ஒரு பேச்சு கிளம்பினா அது சந்தை பூரா சுத்த அரை நாள் போதும்.

தேடினேன், கிடைக்கலை

மதியமே பஸ் பிடிச்சு ஓடினேன். கடையில பில் புக்கை எடுத்து வெச்சு கணக்குப்பிள்ளை கையால எழுதிட்டு இருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

முதல்ல செட்டிங்ஸைப் பார்த்தேன். 18. 'அமைப்பு.மேல்வரி' மதிப்பு என்னன்னு பைத்தானையே கேட்டேன். 18. சரி, எங்கேயோ 12-ன்னு நேரா எழுதித் தொலைச்சிருக்கோம்னு ஆறு ஃபைல்லயும் '12' தேடினேன். மாசம் 12, டஜனுக்கு 12, எழுத்து சைஸ் 12... வரியா இருந்தது அந்த அமைப்பு ஃபைலோட முதல் வரி மட்டும்தான். அதைத்தான் செட்டிங்ஸ் மாத்திடுதே! எங்கேயுமே 12 இல்லை. ஆனா பில்லுல 12 வருது. பேய் படம் மாதிரி இருந்துச்சு.

ராத்திரி வீட்டுக்கு வந்தும் அதேதான். அப்போதான் அம்மா வந்து மொய் பத்திக் கேட்டது. வேற வழியில்லாம, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கற எங்க சீனியர் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். நல்லவேளை, அவங்க முழிச்சுட்டு இருந்தாங்க. போன் வந்துச்சு.

"தம்பி, நீ கோடையே படிச்சுட்டு இருக்கே. கோடுல நீ என்ன நினைச்சியோ அதுதான் உன் கண்ணுக்குத் தெரியும். ஓடிட்டு இருக்கற ஃபங்ஷனையே கேளு, 'நான் சொல்லாம விட்டா நீ என்ன எடுத்துக்குவே?'ன்னு. அது பொய் சொல்லாது."

"ஃபங்ஷனை எப்படிக்கா கேட்கறது?"

"இன்ஸ்பெக்ட்னு ஒரு மாட்யூல் பைத்தான் கூடவே வருது. தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்."

நான் உடனே ஷெல்ஃப்ல இருந்த பழைய புத்தகத்தைப் புரட்டி 'கெட்ஆர்க்ஸ்பெக்'னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு அடிச்சேன். எர்ரர்! அக்கா சிரிச்சாங்க. அது ரொம்பப் பழசாம். 2022-ல வந்த பைத்தான் 3.11-லயே அதைத் தூக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா 2012-ல பைத்தான் 3.3-ல வந்ததுதான் 'சிக்னேச்சர்'. நாமளும் அதையே அடிச்சோம்.

இன்ஸ்பெக்ட்.சிக்னேச்சர்(வரி_போடு)

ஸ்கிரீன்ல ஒரே ஒரு வரி வந்துச்சு.

(விலை, எல்லை=1000, மேல்வரி=12)

பாஸ், எனக்குக் கை ஜில்லுனு ஆயிடுச்சு. பேய் அங்கேதான் உட்கார்ந்திருந்துச்சு!

ஏன் மாறலை?

விஷயம் இதுதான். பைத்தான் ஒரு ஃபைலைப் படிச்சுட்டு வரும்போது 'டெஃப்'னு பார்த்த உடனே அந்த ஃபங்ஷனை உருவாக்குது. டிஃபால்ட் மதிப்பு என்னன்னு அந்த நிமிஷமே, ஒரே ஒரு தடவை, கணக்குப் பண்ணி ஃபங்ஷனோட பையில போட்டுக்குது. அதுக்கப்புறம் அந்த ஃபங்ஷனை ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் பையில இருக்கறதைத்தான் எடுக்கும். 'அமைப்பு.மேல்வரி'ன்னு நான் எழுதினதை, 'ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துட்டு வா'ன்னு அது எடுத்துக்கலை. 'இப்போ அங்கே என்ன இருக்கோ அதை எடுத்து வெச்சுக்கோ'ன்னுதான் எடுத்துக்கிச்சு.

என் புரோகிராம்ல ஃபைல்கள் எல்லாம் முதல்ல லோடு ஆகும். அப்போ மேல்வரி 12. ஃபங்ஷன் பையில 12 விழுந்துடும். அதுக்கப்புறம்தான் சேவ் பண்ணின செட்டிங்ஸைப் படிச்சு 18-ன்னு மாத்தும். அதாவது மூடித் திறந்தாலும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு தடவையும் ஃபங்ஷன் 12-ஐ எடுத்து வெச்சுட்ட பிறகுதான் 18 வருது. பழைய வரியும் 12, செட்டிங்ஸும் 12-ன்னு இருந்த வரைக்கும் இந்தத் தப்பு யார் கண்ணுக்கும் தெரியலை.

அந்தப் பையையும் நேரா பார்க்கலாம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் 'டிஃபால்ட்ஸ்'னு ஒரு சொத்து உண்டு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு அடிக்கோடு போட்டு எழுதணும். கேட்டா (1000, 12) என்று வரும். பெயர் இருக்காது, மதிப்பு மட்டும்தான். கடைசி பாராமீட்டர்லேர்ந்து வலமிருந்து இடமா பொருத்திப் பார்த்துக்கணும். சிக்னேச்சர் இந்த வேலையை நமக்காகச் செஞ்சு, பெயரோட காட்டுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே எனக்கு ஒரு குறுக்குப் புத்தி. "அக்கா, அந்தப் பையிலேயே (2500, 18)-ன்னு எழுதிட்டா?" எழுதினேன். நிஜமாவே வேலை செஞ்சுது! 1,800 ரூபாய்க்கு 90 ரூபாய் வரி. "வேலை செய்யும்டா. நாளைக்குக் கடையில கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா மறுபடி 12. அப்பவும் சித்தப்பா உன்னைத்தான் கூப்பிடுவாரு. பரவாயில்லையா?"ன்னாங்க அக்கா. கம்முனு அழிச்சுட்டேன்.

நாற்பது பேரையும் நிக்க வை!

"ஒரு ஃபங்ஷன் இப்படின்னா மத்ததெல்லாம்?"னு அக்கா கேட்டாங்க. அதுதான் சரியான கேள்வி. இன்ஸ்பெக்ட்லயே 'கெட்மெம்பர்ஸ்'னு ஒண்ணு இருக்கு. ஒரு ஃபைலுக்குள்ளே இருக்கற ஃபங்ஷன்களை எல்லாம் வரிசையா எடுத்துத் தரும். ஒவ்வொண்ணோட சிக்னேச்சர்லயும் 'பாராமீட்டர்ஸ்'னு ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பாராமீட்டருக்கும் பெயர், வகை, டிஃபால்ட் மூணும் தெரியும். ஒரு சின்ன லூப் போட்டு, டிஃபால்ட் இருக்கறதை மட்டும் பிரின்ட் பண்ணச் சொன்னேன்.

இங்கே நான் ஒரு தப்பு பண்ணினேன். நீங்க பண்ணாதீங்க. "டிஃபால்ட் இருந்தா காட்டு"ங்கறதை 'இஃப் டிஃபால்ட்'னு எழுதிட்டேன். ரெண்டு கூத்து நடந்துச்சு. ஒண்ணு, டிஃபால்ட்டே இல்லாத 'விலை'யும் பட்டியல்ல வந்துச்சு. ரெண்டு, 'தள்ளுபடி=0' பட்டியல்ல வரவே இல்லை!

காரணம் சிம்பிள். 0, காலி லிஸ்ட், நன் இதெல்லாம் பைத்தானுக்கு 'இல்லை' மாதிரி. ஆனா அதெல்லாம் சரியான டிஃபால்ட் மதிப்புகள்தானே! 'தள்ளுபடி எதுவும் சொல்லலைன்னா 0'ங்கறதும் ஒரு முடிவுதான். அதனாலதான் 'டிஃபால்ட்டே கிடையாது'ன்னு சொல்றதுக்குன்னே பைத்தான் தனியா 'எம்ப்டி'ன்னு ஒரு அடையாளம் வெச்சிருக்கு. 'பாராமீட்டர்.எம்ப்டி'யா இல்லையான்னுதான் கேட்கணும். மொய் நோட்டுல ஒருத்தர் பேருக்கு நேரா '0'ன்னு இருக்கறதும், பேரே இல்லாம இருக்கறதும் ஒண்ணா? எங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் விளக்கம் கொடுப்பாங்க!

திருத்தி ஓட்டினேன். பட்டியல் வந்துச்சு. வரி போடற ஃபங்ஷன் மூணு. மூணுலயும் 12. அதோட நான் எதிர்பார்க்காத ரெண்டு வெடிகுண்டு.

முதல் குண்டு: பில்_போடு(பொருட்கள்=[]). காலி லிஸ்ட் டிஃபால்ட். அந்த லிஸ்ட்டும் ஒரே தடவைதான் உருவாகும்! ஒரு பில்லுக்குச் சேர்த்த பொருள் அதே லிஸ்ட்ல தங்கிடும், அடுத்த பில்லுலயும் வரும். 'குயிக் பில்' பட்டனை அமுக்கினா மட்டும் இந்த வழியா போகுது. 'ஒரு தடவை ஒருத்தரு பில்லுல முன்னாடி ஆளோட நைட்டி வந்துச்சு'ன்னு கடைப்பையன் எப்பவோ சொன்னதும், 'ரீஸ்டார்ட் பண்ணு, சரியாயிடும்'னு நான் அலட்சியமா சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. பைத்தான் படிக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது விழற பள்ளம் இது. இன்டர்வியூவுலயும் இதைக் கேட்பாங்க, குறிச்சு வெச்சுக்கங்க.

ரெண்டாவது குண்டு: பில்_பிரின்ட்(தேதி=இன்னிக்கு). புரோகிராமைத் திறந்த அன்னிக்கு எது 'இன்னிக்கு'யோ அதுவே கடைசி வரைக்கும் 'இன்னிக்கு'. சந்தை ராத்திரி கடை விடிய விடியத் திறந்திருக்குமே! பன்னெண்டு மணிக்கு மேலே போட்ட பில்லெல்லாம் திங்கட்கிழமை தேதியிலேயே வந்திருக்கணும். ரெண்டு வருஷமா ஏன் யாருமே சொல்லலை?

பட்டியல்ல இன்னொரு விசித்திரம். ரசீது_எழுது என்ற ஒரு ஃபங்ஷன் மட்டும் தன் பாராமீட்டர்னு 'ஸ்டார் ஆர்க்ஸ், ஸ்டார் ஸ்டார் கேடபிள்யூஆர்க்ஸ்'னு மட்டும் காட்டுச்சு. 'எது கொடுத்தாலும் வாங்கிக்குவேன்'னு அர்த்தம். என் கிளாஸ்மேட் அதுக்கு மேலே ஒரு டெக்கரேட்டர் போட்டு மூடி வெச்சிருந்தான். நாங்க விசாரிச்சது முகமூடியை, உள்ளே இருக்கற ஆளை இல்லை! டெக்கரேட்டர் எழுதும்போது 'ஃபங்டூல்ஸ்'ல இருக்கற 'ராப்ஸ்' போட்டிருந்தா, சிக்னேச்சர் முகமூடியைத் தாண்டி உள்ளே இருக்கற ஃபங்ஷனைக் காட்டியிருக்கும். ஒரு வரி சேர்த்தோம். முகமூடி விலகுச்சு. உள்ளே நாலாவது 12!

கையால தேடியிருந்தா இந்த நாலாவதை நிச்சயமா விட்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை சொன்னது

விடியறதுக்குள்ளே சரி பண்ணினோம். வைத்தியம் ரொம்பச் சின்னது. டிஃபால்ட்டை எல்லாம் 'நன்'னு ஆக்கிட்டு, ஃபங்ஷனுக்கு உள்ளே முதல் வரியில, 'மேல்வரி நன்னா இருந்தா அமைப்பு.மேல்வரியை எடுத்துக்கோ'ன்னு எழுதினா போதும். ஃபங்ஷனைக் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் அது போய்ப் புதுசா பார்த்துட்டு வரும். லிஸ்ட்டுக்கும் தேதிக்கும் அதே மருந்து. இந்தத் தடவை 800, 1000, 1001, 1800, 2500, 2501-ன்னு ஆறு விலை போட்டு டெஸ்ட் பண்ணினேன்.

புதன்கிழமை காலையில சித்தப்பா முன்னாடி போய் நின்னேன். ராத்திரி பூரா நான் மனசுக்குள்ளே ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் மறந்து போச்சு. "தப்பு என்னோடதுங்க சித்தப்பா. எத்தனை பில்லு தப்பாச்சோ அத்தனைக்கும் நான்..."

"எத்தனை பில்லு?"

"17-ங்க."

"பேரு, நெம்பரு எல்லாம் குடு."

17 பேருக்கும் அவரே போன் போட்டார். "பையன் கம்ப்யூட்டர்ல ஒரு தப்பாயிப்போச்சுங்க. வரி சாஸ்தியா போட்டுட்டோம். கிரெடிட் நோட்டு அனுப்பறேனுங்க." ஒரு இடத்துலகூட 'கம்ப்யூட்டர் தப்பு'ன்னு நழுவவும் இல்லை, என்னை விட்டுக் கொடுக்கவும் இல்லை. அந்த 17 போனையும் பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்குக் கிடைச்சதுலயே பெரிய தண்டனை அதுதான்.

போன் எல்லாம் முடிஞ்ச பிறகு என்ன நடந்துச்சுன்னு கேட்டார். டிஃபால்ட், பை, 12, 18-ன்னு திக்கித் திணறிச் சொன்னேன். கேட்டுட்டுச் சொன்னார்: "கடைப்பையனைச் சரக்கெடுக்க அனுப்பறப்ப என்ன சைஸுன்னு சொல்லாம உட்டா, அவன் போன வாரம் எடுத்ததையே எடுத்துட்டு வருவான். அவனைத் திட்டி என்ன பண்ண? சொல்லாம உட்டது நானு. அனுப்பறதுக்கு முன்னாடி 'என்ன எடுத்துட்டு வருவே?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போடோணும்."

அக்கா போன்ல சொன்னதும் இதேதானே! சித்தப்பா பைத்தான் படிச்சதில்லை.

தேதி விஷயத்தைச் சொன்னப்போதான் கணக்குப்பிள்ளை வாயைத் திறந்தார். பில் கட்டை எடுத்துக் காட்டினார். நடுராத்திரிக்கு மேலே போட்ட பில் ஒவ்வொண்ணுலயும் தேதியைப் பேனாவால திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார். ரெண்டு வருஷமா! "கம்ப்யூட்டருக்கு ராத்திரி தெரியாதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன் தம்பி. படிச்ச பையன், சொன்னா சங்கடப்படுவியேன்னு சொல்லுலே."

நான் என்னத்தைச் சொல்ல? என் புரோகிராம் தப்பில்லாம ஓடுதுன்னு ரெண்டு வருஷமா காலேஜ்ல அளந்துட்டு இருந்தேன். அது ஓடினது அவர் பேனாவால. 'இவர்கிட்ட கேட்க ஒண்ணுமில்லை'ங்கறது என் மனசுல தானா அமைஞ்ச டிஃபால்ட். எப்போ அமைஞ்சதுன்னே தெரியலை. ஒரு தடவைகூட நான் அதை எடுத்துப் பார்க்கலை.

இப்போ நீங்க!

சரி ஃப்ரெண்ட்ஸ், உங்க லேப்டாப்ல இன்னிக்கே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க மினி புராஜெக்ட்டைத் திறந்து, அதுல இருக்கற ஃபங்ஷன்களை எல்லாம் இன்ஸ்பெக்ட் வெச்சு வரிசையா விசாரிங்க. டிஃபால்ட் எம்ப்டியா இல்லையான்னு பாருங்க. மதிப்பு லிஸ்ட்டாவோ, டிக்ஷனரியாவோ, தேதியாவோ, செட்டிங்ஸ்லேர்ந்து வந்த நம்பராவோ இருந்தா சிவப்பு மையால வட்டம் போடுங்க. பைத்தான் கூடவே வர்ற சில ஃபங்ஷன்களைக் கேட்டா, 'எனக்கு சிக்னேச்சர் கிடையாது'ன்னு எர்ரர் வரும். அதெல்லாம் சி மொழியில எழுதினது, பயப்படாதீங்க.

இது நம்ம மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு மட்டுமான வித்தை இல்லை. 'ஃபாஸ்ட்ஏபிஐ'ல நீங்க ஒரு ஃபங்ஷன் எழுதினா, அது உங்க பாராமீட்டரைப் பார்த்தே எது கட்டாயம், எது விருப்பம்னு முடிவு பண்ணுது. டிஃபால்ட் இருந்தா விருப்பம், இல்லைன்னா கட்டாயம். 'பைடெஸ்ட்'ல உங்க டெஸ்ட் ஃபங்ஷனோட பாராமீட்டர் பெயரைப் பார்த்துதான் அதுக்கு என்ன கொண்டு வந்து கொடுக்கணும்னு தெரிஞ்சுக்குது. பெரிய ஆளுங்க எல்லாம் கூப்பிடறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத்தான் கூப்பிடறாங்க.

எங்க கடைப் புரோகிராம் இப்போ காலையில திறந்த உடனே தன்னோட ஃபங்ஷன்களைத் தானே ஒரு தடவை விசாரிச்சுக்குது. வில்லங்கமான டிஃபால்ட் எதுவும் இருந்தா பில் போடவே விடாது. நானும் வாரம் ஒரு தடவை கணக்குப்பிள்ளை பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இந்த வாரம் பேனாவால எதையாச்சும் திருத்தினீங்களாங்க ஐயா?"ன்னு கேட்கறேன்.

போன வாரம், "ஒண்ணுமில்ல தம்பி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரே ஒரு எழுத்துப்பிழை இருக்குது, பாக்கறியா?"ன்னார்.

பார்த்தேன். எங்க கடைப் பேரு பாஸ்!